உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

அலுவலகத்துக்குத் துணி எடுக்க வரும் பெண்கள் பெரும்பாலும் கண்ணாடி முன்னால் நின்றபடியே முடிவெடுத்துவிடுகிறார்கள். முன்பக்கம் பார்க்கிறார்கள், திரும்பி முதுகைப் பார்க்கிறார்கள், வயிற்றைக் கொஞ்சம் எக்கிக்கொள்கிறார்கள், "சரிக்கா, இருக்கட்டும்" என்கிறார்கள். ஆனால் அந்தத் துணியோடு அவர்கள் நிற்கப்போகும் நேரம் மிகக் குறைவு. கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், மேசை முன்னால் எட்டு, ஒன்பது மணி நேரம், திரும்பவும் பஸ். எல்லாம் உட்கார்ந்தே கழிகிறது. அதனால் என் கடையில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கைப்பிடி இல்லாத மர நாற்காலி போட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்தவர்களை அதில் உட்காரச் சொல்வேன். குனிந்து செருப்பு வாரைத் தொடச் சொல்வேன். எழுந்து, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கச் சொல்வேன். இந்த மூன்றையும் செய்து பார்த்தபின் பலர் முதலில் எடுத்ததை வைத்துவிட்டு வேறு எடுப்பார்கள்.

துரைப்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைத்துத் தொழில் பழகியவள். மயிலாப்பூரில் ஒரு மாஸ்டரிடம் காஜா எடுப்பதில் தொடங்கி, கொக்கி வைத்து, ஹெம்மிங் செய்து, கடைசியில்தான் கத்தரியைக் கையில் வாங்கினேன். 2000-இல் தரமணியில் டைடல் ஐ.டி. பூங்காவைத் திறந்தார்கள். பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. நான் இங்கே கடை போட்ட புதிதில் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் பிளவுஸ் கொடுப்பதுதான் வருமானம். அடுத்து லேடீஸ் ஹாஸ்டல்கள் வந்தன, வேலைக்குப் போகும் பெண்கள் வந்தார்கள், சுடிதார், குர்தி, பேன்ட் என்று தைக்கும் உருப்படிகளே மாறிப்போயின. பிளவுஸ் தைத்த கைக்குக் குர்தி சுலபம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி இருக்கவில்லை. பிளவுஸ் உடம்பைப் பிடித்து நிற்க வேண்டும். அலுவலகக் குர்தி உடம்போடு நகர வேண்டும். வெட்டுவதிலேயே வித்தியாசம் இருக்கிறது.

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதலில் காட்டுவது கைப்பேசியில் வந்த மின்னஞ்சலை. திங்கள் முதல் வியாழன் வரை ஸ்மார்ட் கேஷுவல், வெள்ளிக்கிழமை கேஷுவல் என்று இருக்கும். அதற்குக் கீழே கூடாதவை: கிழிந்த ஜீன்ஸ், வாசகம் அச்சடித்த டி-சர்ட், ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு, சில இடங்களில் கையில்லாத மேல்சட்டை, சில இடங்களில் லெக்கின்ஸ். எதைப் போடலாம் என்பது மட்டும் பெரும்பாலும் தெளிவாக இருக்காது. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றித் தமிழக அரசு ஆணை போட்டபோது, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார், நிறம் அடக்கமாக இருக்கட்டும் என்று விவரமாகவே சொன்னது. அந்த ஆணை பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், எதை எடுப்பது என்பது கடைக்குப் போகும் பெண்ணுக்குத் தெரிந்தது. தனியார் அலுவலகத்தில் அவளே ஊகித்துக்கொள்ள வேண்டும். அக்காவோ சித்தியோ இதே சாலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதில் கஷ்டமில்லை. வீட்டிலேயே முதல் ஆளாக இப்படி ஒரு வேலைக்கு வருபவளுக்கு அந்த மின்னஞ்சல் பயத்தைக் கொடுக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கி அனுப்புவதை என் தொழிலின் முக்கியமான பகுதியாக நினைக்கிறேன்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு பெண் அப்பாவோடு வந்திருந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அப்பாதான் பேசினார்.

"என்னமோ உடுப்பு சொல்லியிருக்காங்கம்மா. கோட்டு சூட்டு எடுக்கணும்னாலும் சொல்லுங்க, எடுத்திருவோம்."

"அப்பா, ஐயாயிரத்துக்குள்ள முடிக்கணும்ப்பா" என்றாள் அவள் மெதுவாக. முதல் சம்பளம் வரும் வரை அதுதான் கணக்கு.

"கோட்டெல்லாம் வேண்டாம் அண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "ஊர்ல இருந்து என்னென்ன கொண்டாந்திருக்கம்மா? எல்லாத்தையும் எடுத்துட்டு வா, பாப்போம்."

ஹாஸ்டலுக்குப் போய்ப் பையோடு வந்தாள். கல்லூரிக்குப் போட்ட சுடிதார்கள். துணி எல்லாம் நல்ல காட்டன். ஊரில் தைத்தவர் வளர்கிற பிள்ளை என்று தோளையும் பக்கங்களையும் தாராளமாக விட்டிருந்தார். அவற்றில் மூன்றைப் பிரித்தேன். தோளை ஏற்றி, தொளதொளத்த கையை முக்கால் கையாக வெட்டி, பக்கத்தைப் பிடித்து, கழுத்தில் இருந்த லேசை எடுத்துவிட்டு அதே துணியில் பட்டி வைத்தேன். கீழே போட இரண்டு பேன்ட் தைத்தேன், கறுப்பு ஒன்று, கருநீலம் ஒன்று. புதிதாக மூன்று குர்தி எடுத்தோம். ஆறு மேல்சட்டையும் இரண்டு பேன்ட்டோடும் சேர வேண்டும் என்பதை மட்டும் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தேன். மிச்சப் பணத்தில் முன்பக்கம் மூடிய செருப்பு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவள் அப்பா, "வீட்ல இருந்த துணியே ஆகுமா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆகும் என்று அத்தனை முறையும் சொன்னேன். தயக்கமில்லாமல்தான் சொன்னேன். குர்தியா, சட்டையா, விலை என்ன, எந்தக் கடை என்பதையெல்லாம் எதிரே இருப்பவர் கவனிப்பதற்கு முன்னால் அவர் கண்ணில் படுவது தோள். தோள் சரியாக உட்கார்ந்து, துணி தொய்யாமல் இருந்தால் அந்த உடை அலுவலகத்துக்குத் தகும்.

தோள் எலும்பு எங்கே முடிகிறதோ அங்கே தையல் நிற்க வேண்டும். அரை அங்குலம் வெளியே போனால் அக்காவின் சட்டையைப் போட்டதுபோல் தெரியும். உள்ளே வந்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் முதுகு இழுக்கும். ரெடிமேட் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். மார்பு, இடுப்பு, நீளம் எல்லாவற்றையும் பிறகு பிடித்துக்கொள்ளலாம். தோளைச் சரிசெய்ய கையைப் பிரித்து, மறுபடி வெட்டி, மறுபடி பூட்ட வேண்டும். கூலி பாதிச் சட்டை விலைக்கு வந்துவிடும். அதனால் தோளுக்குச் சரியான சைஸை எடுத்துக்கொண்டு மற்றதை என்னிடம் கொண்டு வாருங்கள்.

அடுத்தது ஆர்ம்ஹோல், அதாவது கை பூட்டும் வளைவு. இதில் வாடிக்கையாளர்களோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். "அக்குள்ல இறுக்கக் கூடாதுக்கா, நல்லா இறக்கி விடுங்க" என்பார்கள். இறக்கிவிட்டால் காற்றோட்டமாக இருக்கும் என்ற எண்ணம். நடப்பதோ நேர்மாறு. அக்குளில் இருந்து ஆர்ம்ஹோல் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவுக்கு முழுச் சட்டையும் கூடவே மேலேறும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் குர்தி இடுப்புக்கு மேலே போய், பேன்ட் பட்டி தெரியும். கணினியில் தட்டச்சு செய்ய இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்தாலே கழுத்து பின்னால் போகும், அவள் நாள் முழுக்க முன்பக்கத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். ஆர்ம்ஹோல் அக்குளுக்குக் கிட்டத்தில் இருந்து, கையின் மேல்பகுதி அகலமாக இருந்தால், கை தனியாக நகரும், உடம்புத் துணி இருந்த இடத்தில் இருக்கும். இதை வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள். இரண்டு விதமாகவும் தைத்த பழைய குர்திகளை இதற்கென்றே வைத்திருக்கிறேன், போட்டுக் கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். அதற்கப்புறம் வாதம் இருக்காது.

கழுத்தைப் பற்றியும் தப்பான எண்ணம் ஒன்று இருக்கிறது. குனிந்தால் உள்ளே தெரிகிறது என்றால் இறக்கம் அதிகம் என்று நினைத்துக் கழுத்தை ஏற்றச் சொல்கிறார்கள். பல சமயம் குற்றம் இறக்கத்தில் இல்லை, அகலத்தில் இருக்கும். பக்கவாட்டில் அகலமாக வெட்டிய கழுத்து தோளைப் பிடிக்காமல் வழுக்கும். முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு பெண்ணை அவளுடைய மேலாளர் நான்கு பேர் முன்னிலையில் உடையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்தாள். அவள் போட்டிருந்த குர்தியின் கழுத்து ஆழமே இல்லை. அகலம் அதிகம், தோளும் பெரியது, ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே இருந்திருக்கிறது. வெட்டியவர் செய்த பிழைக்கு அவள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச்சு வாங்க வேண்டியதாயிற்று. இது என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிறது. கழுத்தின் இரண்டு பக்கமும் கேன்வாஸ் வைத்த பட்டி சேர்த்துக் குறுக்கிக் கொடுத்தேன். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையானால் மார்பின் உயரமான இடத்தில் கண்டிப்பாக ஒரு பட்டன் வர வேண்டும். கடைச் சட்டைகளில் சம இடைவெளி விட்டு வைப்பார்கள், அந்த இடத்தில் இரண்டு பட்டனுக்கு நடுவே வாய் பிளந்துகொள்ளும். உள்ளே டிச் பட்டன் ஒன்று வைத்தால் தீர்ந்தது. இருபது ரூபாய் வேலை.

பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது கட்டாயம் உட்கார வைத்துத்தான் எடுப்பேன். நிற்கும்போது இருக்கும் இடுப்புச் சுற்றளவு உட்கார்ந்ததும் ஓரிரண்டு அங்குலம் கூடும். சதை பரவுகிறது, எல்லா உடம்பிலும் அப்படித்தான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரைக்கும் உள்ள உயரத்தையும் உட்கார்ந்த நிலையில்தான் சரியாக எடுக்க முடியும். அந்த உயரம் குறைந்தால் பின்பக்கப் பட்டி கீழே இறங்கும், முன்பக்கம் வயிற்றை அறுக்கும். ஒன்பது மணி நேரம் வயிற்றை அறுக்கும் பேன்ட்டோடு வேலை பார்த்த பெண் சாயங்காலம் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவாள்? முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் என்று தைத்துக் கொடுப்பேன். பார்வைக்கு ஃபார்மல் பேன்ட், சாப்பிட்ட பிறகு மூச்சு விட இடம் இருக்கும்.

குர்தியின் பக்க ஸ்லிட் இதோடு சேர்ந்த விஷயம். ஸ்லிட் இல்லாத நேர் குர்தி பார்க்க அழகு, பஸ் படி ஏற முடியாது. இடுப்பின் அகலமான இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஸ்லிட் தொடங்கினால் உட்காரும்போது துணி விரிந்து கொடுக்கும், பேன்ட் பட்டியும் தெரியாது. ஸ்லிட் தொடங்கும் முனையில் சின்னத் துண்டுத் துணி வைத்து அடித்துவிட வேண்டும். எல்லாக் குர்தியும் முதலில் கிழியும் இடம் அதுதான்.

துணிக்கு வருகிறேன். லைனிங்கும் பட்டனும் காட்டனும் பாரிமுனையில் கோடவுன் தெருவில் எடுக்கிறேன். மொத்தமாக வேண்டியிருந்தால் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போவேன். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் முழுக்க நடக்கும். அங்கே விலை மட்டும் பார்த்து எடுக்கிறவர்கள் உண்டு. நான் முதலில் துணியின் மூலையைக் கைக்குள் இறுக்கிக் கசக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விடுவேன். சுருக்கம் அப்படியே நின்றால் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கும்போது பின்பக்கம் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் தேய்ப்பேன். நீலமும் கருஞ்சிவப்பும் கையோடு வரும். அப்படி வந்தால் அது வெளிர் நிறக் கைப்பையிலும் நாற்காலியிலும் ஒட்டும். மூன்றாவது, கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலுக்கு நேரே பிடிப்பேன். உள்ளே தடிமனாகத் தெரிந்த துணி வெளியே கண்ணாடியாக இருக்கும். லைனிங் போடலாம்தான், ஆனால் சென்னை வெயிலில் இரண்டு அடுக்குத் துணி போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. லைனிங் கேட்காத துணியாகவே எடுத்துவிடுவது நல்லது.

ரேயான் இப்போது எல்லாக் கடையிலும் நிறைந்திருக்கிறது. குளிர்ச்சி, உடம்பில் அழகாக விழும், விலையும் குறைவு. ஆனால் ஈரத்தில் அதற்குப் பலமே கிடையாது. ஊற வைத்து, அடித்துத் துவைத்து, முறுக்கிப் பிழிந்தால் சில மாதத்தில் தொய்ந்து, முழங்கை தேய்ந்து போகும். கையால் மெதுவாக அலசத் தயாராக இருப்பவர்கள் எடுக்கலாம். பாலியெஸ்டர் கிரேப் கசங்காது, இஸ்திரி வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சாது, வாடை நிற்கும். லினன் போட்ட அரை மணியில் கசங்கும், ஆனால் அந்தக் கசங்கலே அதன் குணம் என்று ஏற்றுக்கொண்டவர்கள் நன்றாகவே போடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது மங்களகிரி காட்டன். குண்டூர்ப் பக்கத்து நெசவு. இழை நெருக்கமாக இருக்கும், லைனிங் கேட்காது, தோளிலும் கழுத்திலும் விறைப்பாக நிற்கும், துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஓரத்து மெல்லிய ஜரிகையைக் கையின் முனையிலும் பட்டியிலும் மட்டும் வருவதுபோல் வெட்டினால் வேறு அலங்காரமே தேவையில்லை. எந்தக் காட்டனையும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, பிறகுதான் வெட்டுவேன். அவசரம் என்று அப்படியே வெட்டச் சொல்பவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதில்லை. நாற்பது அங்குலக் குர்தி முதல் துவையலில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். அப்புறம் அதை யார் போடுவது?

நிறத்தைப் பொறுத்தவரை, இந்த நிறத்தவருக்கு இந்த நிறம் என்ற பேச்சை நான் கடையில் அனுமதிப்பதில்லை. கறுத்த பெண்ணிடம் வெளிர் மஞ்சள் வேண்டாம் என்று சொல்ல அவளுடைய அத்தைமார் போதும். நான் பார்ப்பது வியர்வையை. நடுத்தரச் சாம்பலும் வெளிர் நீலமும் அக்குள் ஈரத்தைப் பளிச்சென்று காட்டும். வெள்ளை, கருநீலம், சிறு அச்சுப் போட்ட துணிகள் காட்டாது. இரண்டு பஸ் மாறி வருபவள் இதைத் தெரிந்து எடுத்தால் காலைக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கத் தயங்க மாட்டாள்.

பாக்கெட் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஆண் சட்டையில், பேன்ட்டில் கேட்காமலேயே வைக்கிறோம். பெண்கள் உடையில் இல்லாததற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அடையாள அட்டை, கைப்பேசி, காதில் மாட்டும் கருவி, கேன்டீனுக்குப் பணம், எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினை எடுத்துக்கொண்டு ரெஸ்ட்ரூமுக்குப் போக வேண்டும். மேசையிலிருந்து கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். தெரிந்தால் என்ன என்று நாம் தைரியம் சொல்லலாம். அவளுக்கு அன்றைக்கு வேண்டியது தைரியம் இல்லை, பாக்கெட். அதற்குப் பிறகு கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு குர்தியிலும் வலப்பக்கத் தையலில் பாக்கெட் வைக்கிறேன், தனிக் கூலி வாங்குவதில்லை. இன்றைய கைப்பேசி இருநூறு கிராம் எடை இருக்கிறது. மெல்லிய துணியில் சும்மா வைத்தால் ஒருபக்கம் இழுத்துத் தொங்கும். பாக்கெட் வாயில் உள்ளே நாடா வைத்து அடிக்க வேண்டும், இடுப்பில் தையல் உள்ள குர்தியானால் பையின் மேல்முனையை அதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது எடையை இடுப்பு தாங்கும். பாக்கெட் வாய் மணிக்கட்டு தொங்கும் உயரத்தில் இருக்கட்டும். மேலே வைத்தால் முழங்கை இடிக்கும், கீழே வைத்தால் உட்காரும்போது கைப்பேசி தொடைக்கு அடியில் போகும்.

துப்பட்டா போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். போடுகிறவர்களிடம் இரண்டு எச்சரிக்கை சொல்வேன். அலுவலக நாற்காலிச் சக்கரத்தில் முனை மாட்டினால் எழுந்திருக்கும்போது கழுத்து இழுபடும். வண்டியில் போகிறவர்கள் கண்டிப்பாகக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டும். பின்சக்கரத்தில் சுற்றி உயிரே போயிருக்கிறது. குளிருக்காகப் போடுகிறேன் என்றால் அலுவலகத்திலேயே ஒரு கைத்தறி ஜாக்கெட் வைத்துக்கொள்ளலாம். ஏசியில் நடுங்குபவர்களுக்கும் அது போதும், திடீரென்று வெளியூர் வாடிக்கையாளர் வருகிறார் என்றாலும் குர்தி மேல் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடலாம். லைனிங் இல்லாமல், தோளுக்குச் சரியாக, இடுப்பளவு நீளத்தில் தைத்த ஒரே ஜாக்கெட் ஐந்து குர்திக்கு உதவும்.

சேலை கட்டிப் போகும் பெண்களும் குறையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காரைக்குடிக் கண்டாங்கி கட்டிக்கொண்டு இருபத்தைந்து வயதுப் பெண்கள் பஸ் ஏறுவதைப் பார்க்கிறேன். 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டமும் பட்டையான கரையும் போட்ட கனத்த பருத்தி. அயர்ன் பண்ணிக் கட்டினால் மடிப்பு மாலை வரை நிற்கும். அதற்குப் பொருத்தமாக முழங்கை வரை கை வைத்த, காலர் கழுத்துப் பிளவுஸ் தைத்துக் கொடுத்தால் எந்தக் கூட்டத்துக்கும் போகலாம். உள்பாவாடையிலும் ஒரு பாக்கெட் வைத்துவிடுகிறேன்.

மழைக்காலம் தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் தண்ணீர் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் தரையைத் தொடும் பலாசோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஓரம் நனைந்து, ஏசியில் மணிக்கணக்கில் ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் பேன்ட் நல்லது. ஹாஸ்டலில் கொடியில் போட்டால் ஓர் இரவில் உலருமா என்பதையும் துணி எடுக்கும்போதே யோசியுங்கள். ஜீன்ஸ் உலராது.

கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் அலுவலகங்கள் மறுபடி கூப்பிடத் தொடங்கியபோது என் கடையில் புதுத் தையலைவிட ஆல்டரேஷன் அதிகம் வந்தது. இரண்டு வருஷம் வீட்டிலிருந்து வேலை பார்த்த உடம்பு. பழைய துணி எதுவும் ஏறவில்லை. குண்டாயிட்டேன்க்கா என்று குனிந்த தலையோடு சொல்வார்கள். வீட்டில் நோய் பார்த்தவர்கள் இருந்தார்கள், பெற்றவர்களை இழந்தவர்கள் இருந்தார்கள். துணிக்கு ஏற்ற மாதிரி உடம்பு இருக்க வேண்டும் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பிப்பேன். அதேபோல் பிரசவ விடுப்பு முடிந்து வருபவர்கள். 2017-இல் சட்டம் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். திரும்பி வரும்போது குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கும், பாலும் இருக்கும். நடுவில் பால் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். மார்பு வழியாக நீளவாக்கில் இறங்கும் பிரின்சஸ் கட் தையலுக்குள் இரண்டு பக்கமும் மறைவாக ஜிப் வைத்துக் கொடுக்கிறேன். வெளியே பார்த்தால் சாதாரணத் தையல்கோடு. மார்புப் பகுதிக்கு அச்சுத் துணியாக எடுக்கச் சொல்வேன், கசிந்தாலும் தெரியாது.

இப்படி உடம்பு மாறும் என்பதை எதிர்பார்த்து வெட்டுவது என் வழக்கம். பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத்தான் தைக்கிறேன். முன்னும் பின்னும் அந்த அளவு துணி இருப்பதால் சுற்றளவில் மூன்று அங்குலம் வரை தாராளமாகப் பிரித்துக்கொள்ளலாம். பேன்ட்டில் பின்நடுத் தையலிலும் அதேபோல் விடுகிறேன். ரெடிமேட்டில் துணி மிச்சம் பிடிப்பதற்காகக் கால் அங்குலம் விட்டு ஓவர்லாக் அடித்து, மீதியை வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். கடைக்குப் போனால் குர்தியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் துணி இருக்கிறதா, கைத் தையலில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரே விலையில் இரண்டு இருந்தால், உள்ளே துணி விட்டிருப்பதை எடுத்துக்கொண்டு, அப்படியே ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து பாருங்கள்.